"அம்மா எப்ப வருவாங்க?"

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் போதும், எங்கள் பாலர் வகுப்பு வாசலில் எழும் அழுகையொலி தாம்பரம் ரயில் நிலையத்தின் இரைச்சலையே மிஞ்சிவிடும். மின்சார ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருக்கும் தாய், "இதோ, இப்ப வந்துடறேன் செல்லம்" என்று சொல்லிவிட்டு, குழந்தை திரும்பிப் பார்ப்பதற்குள் மறைந்துவிடுவார். பிறகு அந்தப் பிஞ்சு எங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எப்ப வருவாங்க, மிஸ்?" என்று நூறு தடவை கேட்கும். "இதோ, இப்ப" என்று நாங்களும் சொல்லிவைப்போம். அது பொய் என்று எங்களுக்கு நெடுநாள் தோன்றவில்லை.

மூன்று வயதுக் குழந்தைக்குக் காலம் என்பது என்ன? நடந்து முடிந்ததெல்லாம் 'நேத்து'. இனி நடக்க வேண்டியதெல்லாம் 'நாளைக்கு'. போன கிறிஸ்துமஸும் நேத்துதான். சொற்கள் நாவில் வந்துவிட்டன, அளவு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. (இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல் என்பதை நினைத்தால், நம் வீட்டுக் குழந்தைகள் கொடுத்துவைத்தவர்கள்தாம்!)

வரப்போகும் நேரத்தில் தன்னையே வைத்துப் பார்க்கும் ஆற்றல் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் மெல்ல மெல்ல முளைக்கிறது. கிரிஸ்டினா அட்டன்ஸ், ஆண்ட்ரூ மெல்ட்ஸாஃப் என்னும் ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு உப்புப் பண்டம் கொடுத்துத் தாகம் எடுக்கச் செய்துவிட்டு, "நாளைக்கு உனக்கு என்ன வேண்டும், இந்தப் பண்டமா, தண்ணீரா?" என்று கேட்டார்கள். மற்ற வேளையில் பண்டத்தையே கேட்கும் குழந்தைகள், அப்போது தண்ணீரையே கேட்டன. இன்றைய தாகம் நாளையையும் நனைத்துவிட்டது! வெறும் வயிற்றோடு கடைத்தெருவுக்குப் போய்ப் பை நிறைய வாங்கிவரும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

நாளையைப் பற்றி எண்ணுவது ஒருபுறமிருக்க, பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணுவது இன்னொரு படி. 1983-இல் ஹைன்ஸ் விம்மர், ஜோசஃப் பெர்னர் என்னும் உளவியல் அறிஞர்கள் குழந்தைகளுக்கு ஒரு சிறு கதை சொன்னார்கள். மாக்ஸி என்னும் சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி சாக்லேட்டை எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர், சாக்லேட் இப்போது உண்மையில் இருக்கும் இடத்தையே காட்டுகிறார்கள். தமக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. நான்கு, ஐந்து வயதில்தான், "அவன் பழைய இடத்தில் இருக்கிறது என்று நினைப்பான்" என்ற பதில் வருகிறது. கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளிடம் இதுபோன்ற சோதனை செய்து 2005-இல் வெளியிட்டார்கள். எல்லா இடத்திலும் ஏறத்தாழ அதே வயதில்தான் இந்தக் கதவு திறந்தது. பேச்சு வராத கைக்குழந்தைக்கும் இதில் ஓரளவு தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இதைப் படித்தபோது எங்கள் மனம் உறுத்தியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி வகுப்பு அலமாரியின் சாவியை எங்கோ போட்டுவிட்டாள். "எங்கே வைத்தாய்?" என்று எத்தனை முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுத்தக்காரி என்று மூலையில் நிறுத்தினோம். பிறகு சாவி பூந்தொட்டியில் கிடைத்தது. "ஏன் சொல்லவில்லை?" என்றதற்கு, "உங்களுக்குத்தான் தெரியுமே, மிஸ்" என்றாள். தான் வைத்தது தனக்குத் தெரியும். ஆகவே மிஸ்ஸுக்கும் தெரியும். அவளுக்கு அப்போது மூன்றரை வயது.

இந்த அறிவு எப்படி வளர்கிறது? பேச்சினால்தான் பெரும்பாலும். "அப்பா மழை வராதுன்னு நினைச்சாரு, அதனாலே குடை எடுத்துட்டுப் போகலே" என்று வீட்டில் பேசக் கேட்கும் குழந்தைக்கு, மனம் என்று ஒன்று உண்டு, அது தவறாகவும் நினைக்கும் என்பது எளிதில் விளங்குகிறது. காது கேளாத குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்துகின்றன. சைகை மொழி அறிந்த பெற்றோரிடம் வளர்ந்தவர்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே இதை அறிகிறார்கள். வீட்டில் தம்மோடு பேச ஆளில்லாதவர்கள் பல ஆண்டுகள் பிந்துகிறார்கள். கூடப் பிறந்தவர்களோடு விளையாடுவதும் உதவுகிறது. கண்ணாமூச்சி ஆட்டத்தையே பாருங்கள். தன் கண்ணைத் தானே பொத்திக்கொண்டு நடுக்கூடத்தில் ஒளியும் தங்கைக்கு, அக்காவைவிடச் சிறந்த ஆசிரியை யார்?

திருச்சபையும் இந்த வயதுக் கணக்கை எண்ணிப் பார்த்திருக்கிறது. 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணை, ஏறத்தாழ ஏழாம் வயதையே பகுத்தறியும் வயது என்று குறித்து, அந்த வயதிலேயே புதுநன்மை வாங்க வழிசெய்தது.

இனி, பெற்றோரிடம் நாங்கள் சொல்ல விரும்பும் செய்திக்கு வருவோம். "இந்த மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவேன்" என்று அமெரிக்காவில் வால்டர் மிஷெல் நடத்திய சோதனை உலகப் புகழ் பெற்றது. காத்திருக்கும் பிள்ளைதான் பின்னாளில் உருப்படும் என்று பலரும் பேசினார்கள். 2018-இல் பெரிய அளவில் மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பச் சூழ்நிலையைக் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு மிகவும் சுருங்கிவிடுகிறது என்று தெரிந்தது. அதைவிட எங்களைத் தொட்டது 2013-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. 28 குழந்தைகள். நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருவதாகப் பெரியவர் ஒருவர் சொல்லிப் போனார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றவர்களிடம் "இல்லை, மன்னித்துக்கொள்" என்றார். அதன் பிறகு மிட்டாய்ச் சோதனை. சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். பொறுமை இல்லை என்று நாம் வைகிற பிள்ளை, வரும் என்று நம்பக் காரணமில்லாத பிள்ளையாகவும் இருக்கலாம்.

"இப்ப வந்துடறேன்" என்ற சொல்லை எங்கள் வாசலில் நாங்கள் நிறுத்திவிட்டோம். தாய்மார் கண்ணில் படும்படி கையசைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மணிக்கணக்கு குழந்தைக்குப் புரியாது. ஆகவே, "செபம், பாட்டு, டிபன், கதை, அப்புறம் மணி அடிக்கும், பாட்டி வருவாங்க" என்று வரிசை சொல்லச் சொன்னோம். அழுகை உடனே நின்றுவிடவில்லை. சில தாய்மாருக்கு ரயிலும் தவறியது. எங்களுக்கு வசவும் கிடைத்தது.

மூன்றாவது வாரத்தில் புதிதாக ஒரு குழந்தை சேர்ந்து, வாசலில் விழுந்து புரண்டு அழுதாள். ஜூன் முதல் நாளில் எங்கள் சேலையைக் கிழித்தவள் ஒருத்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "கதை முடிஞ்சதும் வருவாங்க" என்றாள். பிறகு எங்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "பாவம் மிஸ், அவளுக்கு இன்னும் தெரியாது" என்றாள்.