பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிந்ததா?

லாரி ஓட்டும் தோழரைக் கேளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர் லைசென்சைப் புதுப்பித்தாக வேண்டும். கண் தெரிகிறதா, கை கால் சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் சான்று வாங்கி நீட்டியாக வேண்டும். ஆலையிலே கொதிகலன் பக்கம் நிற்கும் தோழரைக் கேளுங்கள். ஆண்டு தவறாமல் இன்ஸ்பெக்டர் வருகிறார், இரும்பைச் சோதிக்கிறார், சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுப்பிலே நெருப்பு மூட்டலாம்.

இரும்புக்குச் சோதனை உண்டு. லாரியை ஓட்டும் தொழிலாளிக்கும் சோதனை உண்டு. அந்தத் தொழிலாளியின் கண்ணைப் பார்த்துச் சான்று தருகிறாரே டாக்டர், அவர் கற்ற கல்வி இன்றைக்கும் பார்வையோடு இருக்கிறதா என்று சோதிப்பவர் யார்?

குறை சொல்லும் நோக்கத்தோடு இதைக் கேட்கவில்லை தோழர்களே. பழி போடவும் கேட்கவில்லை. உயிர் சம்பந்தப்பட்டதால் கேட்கிறோம். அதுவும் யாருடைய உயிர்? நாலு டாக்டர்களிடம் காட்டி, நாலு கருத்துக் கேட்டு, நல்லதைத் தேர்ந்தெடுக்க வசதி படைத்தவனுடைய உயிரல்ல. ஒரே ஒரு டாக்டரை நம்பி, ஒருநாள் கூலியை இழந்து, வரிசையிலே நிற்கிறானே, அவனுடைய உயிர்!

கத்தி எடுக்காமல், மருந்தைக் கொண்டே நோய் தீர்ப்பவர் பொது மருத்துவ டாக்டர். பிசிஷியன் என்று அவரை அழைக்கிறோம். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இருதயம், சயம், காய்ச்சல், வயிற்று நோய் எல்லாம் அவரிடம்தான் போகின்றன. எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி.யும் முடித்து வெளியே வரும்போது வயது முப்பதை நெருங்குகிறது. அதற்குப் பிறகு முப்பது நாற்பது ஆண்டுகள் வைத்தியம் பார்க்கிறார். அந்த நாற்பது ஆண்டுகளும் மருத்துவம் அவருக்காகக் காத்துக் கொண்டா இருக்கும்? அவர் நின்றாலும் அது நடக்கிறது. அவர் தூங்கினாலும் அது ஓடுகிறது.

எப்படி ஓடுகிறது என்பதற்கு எங்கேயோ போக வேண்டாம். நம் சென்னையே சாட்சி சொல்லும்.

சயரோகம் என்றால் ஒரு காலத்திலே என்ன வைத்தியம்? சானடோரியத்துக்குப் போ! நல்ல காற்றைச் சுவாசி! பாலும் முட்டையும் உண்டு மாதக்கணக்கில் படுத்திரு! இதுதான் புத்தகம் சொன்னது. பாலுக்கும் முட்டைக்கும் தொழிலாளி எங்கே போவான்? அவன் படுத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கஞ்சி யார் ஊற்றுவது? படுக்கைகளோ கொஞ்சம்; நோயாளிகளோ கணக்கிலடங்காதவர்கள்.

1956-ஆம் ஆண்டு சென்னையிலே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. வாலஸ் பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் தலைமையில் இந்திய டாக்டர்களும் ஊழியர்களும் ஒரு கேள்வியை எடுத்துக் கொண்டார்கள். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலே வாழ்ந்த நோயாளிகள் 193 பேர். ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே, அதே நெரிசலிலே, அதே குறைந்த உணவிலே இருக்கச் செய்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு காலம். 1959-லே முடிவு வெளிவந்தது. வீட்டிலே மருந்து உண்டவனும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தான்! வீட்டிலே இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை! குணப்படுத்தியது மருந்து, மாளிகைக் காற்றல்ல. ஏழையின் குடிசையிலிருந்து பிறந்த இந்த உண்மை, உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே திருப்பிப் போட்டது.

அந்த ஆராய்ச்சி அறிக்கையைப் படித்த டாக்டர் தன் நோயாளியிடம் என்ன சொல்லியிருப்பார்? “வீட்டுக்குப் போ, மருந்தைத் தவறவிடாதே” என்றிருப்பார். படிக்காத டாக்டர்? “சானடோரியத்தில் இடம் காலியாகட்டும், காத்திரு” என்றிருப்பார். இருவருக்கும் பட்டம் ஒன்றே. இருவர் கழுத்திலும் தொங்குவது அதே குழாய்தான். ஆனால் ஒருவருடைய நோயாளி பிழைத்து வேலைக்குப் போகிறான். மற்றவருடைய நோயாளி காத்திருந்து காத்திருந்து இருமுகிறான்!

பழங்கதை பேசுகிறோம் என்று எண்ண வேண்டாம். மருந்துக்கு மசியாத காசநோய் என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பதினெட்டு, இருபது மாதம் வைத்தியம் நடந்தது, மாதக்கணக்கில் ஊசி, அந்த ஊசியால் காது கேளாமல் போனவர்கள் உண்டு. 2022-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் புதிய வழி காட்டியது. வாயால் விழுங்கும் நான்கு மருந்து, ஆறே மாதம், ஊசி இல்லை! 2024 செப்டம்பரிலே இந்திய சர்க்காரும் அதற்கு ஒப்புதல் தந்தது. 2010-லே பட்டம் பெற்றவர் கற்ற பாடத்திலே இது இல்லை. இருந்திருக்கவும் முடியாது. அவர் பட்டம் பெற்ற பிறகு படித்தால்தான் தெரியும்.

வயிற்றுப்புண்ணை எடுத்துக் கொள்வோம். நம் தோழர்களிலே பலருக்கு நன்கு பழக்கமான விருந்தாளி! “காரம் தின்னாதே, கவலைப்படாதே” என்றார்கள். காரத்தைக் குறை என்றவர்கள், கஞ்சிக்கு வேறு தொடுகறி காட்டவில்லை. கவலைப்படாதே என்றவர்கள், கவலையின் காரணத்தைத் தீர்க்கவில்லை. ஆஸ்திரேலியாவிலே பெர்த் நகரத்து டாக்டர்கள் இருவர், ராபின் வாரனும் பேரி மார்ஷலும், வயிற்றிலே வாழும் ஒரு கிருமிதான் பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் என்றார்கள். உலகம் நம்பவில்லை. 1984-லே மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துத் தன் வயிற்றைக் கெடுத்துக் காட்டினார்! கிருமியைக் கொல்லும் மருந்து கொடுங்கள் என்று அமெரிக்க வல்லுநர் குழு கூடிச் சொன்னது 1994-லே. இருவருக்கும் நோபல் பரிசு வந்தது 2005-லே.

1984 எங்கே, 1994 எங்கே? நடுவே பத்தாண்டு! அந்தப் பத்தாண்டிலே இரண்டு வார மருந்தால் தீர்ந்திருக்கக் கூடிய புண்ணுக்காக எத்தனை பேர் வயிற்றைக் கிழித்துக் கொண்டார்கள்! கண்டுபிடிப்பு பிறந்தால் மட்டும் போதாது தோழர்களே. அது நமது தெரு டாக்டரின் மேசைக்கு வந்து சேர வேண்டும்.

அது வந்து சேர விதி இருக்கிறதா? இருக்கிறது, ஏட்டிலே! 2002-ஆம் ஆண்டு, அன்றிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் எழுதியது: ஒவ்வொரு டாக்டரும் ஐந்தாண்டில் 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களிலே பங்கு பெற வேண்டும். ஐந்தாண்டுக்கு 30 மணி. கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு மணி. மாதத்துக்கு அரைமணி! இரண்டரை மணி நேரப் படம் என்றால், ஐந்தாண்டிலே பன்னிரண்டு படம் பார்க்கும் நேரம்! அதுவும் எல்லா மாநிலத்திலும் ஒரேபோல் வற்புறுத்தப்படுவதில்லை. கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டால் மணி ஏறுகிறது. மனதிலே என்ன ஏறியது என்று யாரும் கேட்பதில்லை.

பதினேழு வயதுப் பிள்ளை, குப்பனின் மகள், சுப்பனின் மகன், மருத்துவக் கல்லூரி வாசலிலே வந்து நின்றால் எத்தனை கேள்வி கேட்கிறார்கள்! பன்னிரண்டு ஆண்டு படித்துப் பெற்ற மதிப்பெண் செல்லாதாம். ஒருநாள் நுழைவுத் தேர்வுதான் தகுதியை அளக்குமாம்! தகுதி, தகுதி என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்களைக் கேட்கிறோம்: நுழைவதற்கு முன் ஒருநாள் பார்க்கும் தகுதியை, நுழைந்து வெளியே வந்தபின் நாற்பது ஆண்டு ஏன் பார்ப்பதில்லை? தகுதி என்பது ஏழையின் பிள்ளையைத் தடுக்கும் தாழ்ப்பாளா, அல்லது நோயாளியின் உயிரைக் காக்கும் காவலா? 1951-லே மருத்துவக் கல்லூரி இடங்களுக்கான வகுப்புவாரி உரிமை உச்சநீதிமன்றத்திலே வீழ்ந்தபோது, தமிழ்நாடு கொதித்தெழுந்து, அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தமே வரச் செய்தது. வாசலுக்காகப் போராடியவர்கள் நாம். வாசலைக் கடந்தவர்கள் நம் மக்களுக்கு என்ன அறிவோடு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

இன்னொரு கேள்வி: அந்த 30 மணி நேரத்துக் கூட்டத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்?

பல இடங்களிலே மருந்து கம்பெனி! மண்டபம் அவர்களுடையது, விருந்து அவர்களுடையது, மேடைக்குப் பின்னாலே தொங்கும் துணியிலே பெயரும் அவர்களுடையது. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பவன் அரிசி வியாபாரியானால், பாடம் எந்த அரிசியைப் பற்றி இருக்கும்? டாக்டர்கள் கம்பெனிகளிடமிருந்து பரிசும், பயணச் செலவும், விருந்தும் பெறக்கூடாது என்று 2009 டிசம்பரிலே விதி வந்தது. கம்பெனிகள் டாக்டர்களுக்கு வாரி வழங்குவதை வியாபாரச் செலவென்று வரிக்கணக்கிலே கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியிலே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செலவெல்லாம் மருந்து விலையிலே ஏறுகிறது என்பதையும் சுட்டிக் காட்டியது. புரிகிறதா தோழர்களே? விருந்து அவர்களுக்கு, ‘பில்’ உங்களுக்கு! கம்பெனி தொடர்பை மேலும் இறுக்கும் புதிய விதியை 2023 ஆகஸ்டிலே கொண்டு வந்தார்கள். அதே மாதத்திலே நிறுத்தியும் வைத்தார்கள். 2024 மார்ச்சிலே கம்பெனிகளுக்கென்று ஓர் ஒழுங்குமுறை வந்தது. வெளிநாட்டிலே கூட்டம் நடத்தாதே என்றது. உள்நாட்டிலே, நிபந்தனையோடு, கம்பெனி பணத்திலே கல்வி நடக்கலாம் என்றது. கதவைப் பூட்டினார்கள், ஜன்னலைத் திறந்து வைத்தார்கள்!

டாக்டர்கள் தரப்பு நியாயத்தையும் நாம் மறைக்கப் போவதில்லை. அரசு மருத்துவமனையிலே பொழுது விடியுமுன் வரிசை நிற்கிறது. இரவுக் கடமை முடித்த கையோடு பகலிலும் நிற்கிறார் இளம் டாக்டர். அவரைப் பார்த்து, “படித்தீரா?” என்று மட்டும் கேட்டால் அது கொடுமை. படிக்க நேரம் கொடுத்தோமா என்பதே முதற் கேள்வி.

அமெரிக்காவிலே இந்தப் பாடத்தைக் கசப்போடு கற்றார்கள். அங்கே பொது மருத்துவ டாக்டர்களுக்குச் சான்று தரும் வாரியம் 1936-லே தோன்றியது. முதலிலே சான்று வாழ்நாளுக்கும் செல்லுபடியானது. 1990 முதல் பத்தாண்டுக்குத்தான் என்றார்கள். கட்டணமும் கட்டளையும் கூடக் கூட டாக்டர்கள் கொதித்தார்கள். 2015 பிப்ரவரியிலே, தவறிவிட்டோம் என்று வாரியமே ஒப்புக்கொண்டது. 2022 முதல் வேறு வழியும் திறந்தது: மூன்று மாதத்துக்கு 30 கேள்வி, வீட்டிலிருந்தே, புத்தகத்தைத் திறந்து வைத்தே விடை எழுதலாம். விடை தவறினால் சரியானது எது என்று உடனே தெரியும். மிரட்டும் தேர்வு அல்ல, கற்பிக்கும் தேர்வு! இங்கிலாந்திலே 2012 டிசம்பர் முதல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை டாக்டர் தன் தகுதியை உறுதிப்படுத்த வேண்டும். ஆண்டுதோறும் அவர் பணி மதிப்பிடப்படுகிறது.

அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? நாம் கேட்பது மலையைப் பெயர்ப்பதல்ல. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரம் ஒரு பிற்பகல், மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் வந்து அந்த ஆண்டின் புதிய பாடத்தை நடத்தட்டும். அந்தப் பிற்பகல் டாக்டருக்கு வேலை நேரமாகவே கணக்கிடப்படட்டும். வரிசையிலே நிற்பவன் தவிக்காதபடி மாற்று டாக்டர் இருக்கட்டும். தனியார் டாக்டர்களுக்கும் அந்த வாசல் திறக்கட்டும். செலவை அரசு ஏற்கட்டும். கம்பெனியின் ஒரு காசும் உள்ளே வர வேண்டாம்.

பணம் எங்கே என்பார்கள். 2019 ஜூலை முதல், ஈ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட தொழிலாளியின் சம்பளத்திலே நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி தரப்பிலே மூன்றேகால் ரூபாயும் மாதந்தோறும் போகிறதே, அது யாருடைய உழைப்பு? அந்தப் பணத்திலே ஒரு துளியை, நமக்கு வைத்தியம் பார்ப்பவரின் அறிவுக்குச் செலவிட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே தோழர்களே, அடுத்த சங்கக் கூட்டத்திலே கூலியைப் பற்றிப் பேசுங்கள், போனசைப் பற்றிப் பேசுங்கள், இதையும் பேசுங்கள். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மனு எழுதும்போது, மருந்து இல்லை, படுக்கை இல்லை என்பதோடு, எங்கள் டாக்டர்கள் படிக்க நேரம் இல்லை என்றும் எழுதுங்கள். அவர்களுக்காகவும் சேர்த்து நாம் கேட்கும் கோரிக்கை அது.

கொதிகலனைச் சோதிக்காமல் விட்டால் வெடிக்கும். வெடித்தால் ஊரே கேட்கும். டாக்டரின் கல்வி பழசாகிப் போனால் சத்தம் வராது. ஏழை வீட்டுத் திண்ணையிலே ஒரு விளக்கு மட்டும் அணையும். அந்தச் சத்தமில்லாத சாவுக்காகத்தான் நாம் இத்தனை சத்தமிடுகிறோம்!