விலை எவ்வளவு? நீங்களே சொல்லுங்கள்!

கடைக்குப் போய் ஒரு பேனா கேட்கிறீர்கள். "என்ன விலை அண்ணா?" என்றால் கடைக்காரர், "உனக்கு எவ்வளவு தோணுதோ கொடு தம்பி. கொடுக்கலேன்னாலும் பரவாயில்லை, எடுத்துட்டுப் போ" என்கிறார். நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள்?

சிரிக்காதீர்கள்! உலகப் புகழ் பெற்ற ஓர் இசைக்குழு உண்மையிலேயே இப்படி ஒரு வியாபாரம் செய்தது.

இங்கிலாந்து நாட்டின் குழு அது. பெயர் ரேடியோஹெட். மொத்தம் ஐந்து பேர். அவர்களுடைய பாட்டுகளை வெளியிட்டு வந்த பெரிய நிறுவனத்தோடு செய்திருந்த ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தது. புதிதாகப் பத்துப் பாட்டுகள் கையில் இருந்தன. சரி, நாமே விற்றுப் பார்ப்போம் என்று துணிந்தார்கள். 2007 அக்டோபர் 10 அன்று 'இன் ரெயின்போஸ்' என்ற அந்த ஆல்பத்தைத் தங்கள் சொந்த இணையதளத்தில் வெளியிட்டார்கள். விலை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது! வாங்குகிறவரே அதில் தொகையை எழுத வேண்டும். 100 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு வரை எழுதலாம். பூஜ்யம் என்றும் எழுதலாம். பாட்டு வந்துவிடும்!

"ஐயோ, எல்லாரும் பூஜ்யம்தானே போட்டிருப்பாங்க?" என்றுதானே கேட்கிறீர்கள்? நிறையப் பேர் அப்படித்தான் போட்டார்கள். ஆனால், பணம் கொடுத்தவர்களும் நிறையப் பேர். சும்மாவே கிடைக்கும் என்று தெரிந்தும் கொடுத்தார்கள்! தங்கள் முந்தைய ஆல்பங்கள் எல்லாம் சேர்ந்து இணையத்தில் தந்ததைவிட இந்த ஒரே ஆல்பம் அதிகப் பணம் தந்தது என்று அக்குழுவின் பாடகர் தாம் யார்க் சொன்னார். பழைய நிறுவனம் இணைய விற்பனையில் தங்களுக்குப் பங்கு தராததும் அதற்கு ஒரு காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

நம் நாட்டிலும் இதுபோல ஒன்று நடந்தது. டில்லியைச் சேர்ந்த 'இண்டியன் ஓஷன்' என்ற இசைக்குழு 2010ல் ஓர் ஆல்பம் வெளியிட்டது. அதன் பெயர் '16/330 கஜூர் ரோடு'. என்ன இது, வீட்டு விலாசம் போல இருக்கிறதே என்கிறீர்களா? விலாசமேதான்! கரோல்பாக் பகுதியில் அவர்கள் பல ஆண்டுகள் பாடிப் பழகிய பழைய பங்களாவின் விலாசம் அது. குழுவில் தபலா வாசித்துப் பாடி வந்த அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் காலமாகிவிட்டார். அவர் குரல் ஒலிக்கும் அந்தப் பாட்டுகளை, மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். கச்சேரிகளுக்குக் கிடைக்கும் சம்பளம் அவர்களைக் காப்பாற்றியது.

இந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு ஊத்தங்கரைப் பக்கத்துத் தெருக்கூத்துதான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். நடுச்சாமத்தில் வேஷம் கட்டியவர் தட்டோடு கூட்டத்துக்குள் வருவார். இஷ்டப்பட்டதைப் போடலாம். போடாதவரை யாரும் எழுப்பி அனுப்ப மாட்டார்கள். டிக்கெட்டும் கிடையாது.

நான் உங்கள் வயதில் இருந்தபோது ஒருநாள் கூத்துப் பார்க்க அப்பா நாலணா கொடுத்தார். முறுக்கு வாங்கித் தின்றேன். கையில் பத்துப் பைசா மிச்சம். கர்ணன் வேஷக்காரர் தட்டை நீட்டி வரவும், சட்டென்று கண்ணை மூடித் தூங்குவதுபோல நடித்தேன்! தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. பத்துப் பைசா மிச்சம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

விடிந்தது. பஸ் நிற்கும் இடத்தில் அதே கர்ணனைப் பார்த்தேன். கிரீடம் இல்லை, புஜகீர்த்தி இல்லை. கிழிந்த துண்டு. காதோரம் அரிதாரம் சரியாகப் போகவில்லை. இரவெல்லாம் பாடித் தொண்டை கட்டியிருந்தது. ஒரு டீயை வாங்கி, தாளம் போட்ட பையனோடு பாதிப் பாதி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "என்ன தம்பி, நல்லாத் தூங்கினியா?" என்று சிரித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. என் பையில் அந்தப் பத்துப் பைசா கனத்தது. எடுத்துக் கொடுக்கவும் வெட்கம். பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. விலை சொல்லாத பொருள் விலை இல்லாத பொருள் அல்ல! அதைச் செய்தவருக்கும் பசிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூத்துக் குழுவினர் தட்டை மட்டும் நம்பி ஊருக்கு வருவதில்லை. இரவுக்கு இவ்வளவு என்று ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். தட்டில் விழுவது அதற்கு மேல். ரேடியோஹெட் குழுவும் அப்படித்தான். காலிக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, இசைத்தட்டுகளும் படங்களும் அடங்கிய பெட்டி ஒன்றை 40 பவுண்டுக்கு விற்றார்கள். விருப்ப விலைக்கு விற்றதும் இரண்டு மாதங்கள்தான். பிறகு சி.டி.யாக, சாதாரண விலைக்குக் கடைக்கு வந்தது. இலவசமாகக் கிடைத்த பாட்டுதானே என்று ஜனங்கள் ஒதுக்கவில்லை. 2008 ஜனவரியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பிடித்தது! ஆனாலும் 2011ல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு அவர்களே விலை குறித்துவிட்டார்கள்.

ஆக, "இஷ்டப்பட்டதைக் கொடுங்கள்" என்று சொல்லப் பெருந்தன்மை மட்டும் போதாது. வயிற்றுக்கு வேறு வழியும் இருக்க வேண்டும். பெயர் பெற்ற குழுவுக்கு அது முடியும். இன்றைக்குத்தான் பாடத் தொடங்கியவருக்கு முடியுமா?

கூத்துத் தட்டுக்கும் இணையத்தின் காலிக் கட்டத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தட்டில் போடும்போது பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். காசு கொடுத்தவர் பெயரைக் கட்டியங்காரன் கூவிச் சொல்வதும் உண்டு. கட்டத்தில் எழுதும்போது யாரும் பார்ப்பதில்லை. உங்கள் மனசு மட்டும்தான் பார்க்கும்.

கையில் காசு இல்லையா? கவலை வேண்டாம். கடைசி வரை உட்கார்ந்து கேளுங்கள். கை தட்டுங்கள். "நல்லாப் பாடினீங்க ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுவும் ஒரு விலைதான். ஆனால், காசு இருக்கும்போது மட்டும் என்னைப்போலத் தூங்கிவிடாதீர்கள்!

சரி, இப்போது சொல்லுங்கள் பார்க்கலாம்... காலிக் கட்டம் உங்கள் முன்னால் இருக்கிறது. நீங்கள் என்ன எழுதுவீர்கள்?