தப்பொலிக்கு நடுவே ஒரு விக்கல்

கண்டி மாநகரிலிருந்து ஹேவாஹெட்டைப் பக்கமாக ஏறும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு மாசி மாதத்தில் நடைபெற்ற காமன் கூத்தினை என் மாணவர் சிலர் விடிய விடியக் கண்விழித்து ஒலிப்பதிவு செய்து வந்தனர். ரதி மன்மதன் கதையை ஆடும் அக்கூத்துக்குத் தப்பே உயிர்நாடி என்பதை மலையகத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள். ஆயினும் ஏட்டிலே பாடலின் சொல் நிற்குமேயன்றித் தப்பின் நடை நிற்பதில்லை. அதற்கு ஒலிப்பதிவே கதி.

பதிவு மிக நீண்டிருந்தமையால் அதனைப் பதினான்கு துண்டுகளாக வெட்டி, எம்பி3 கோப்புகளாக்கினேன். கூத்து மாஸ்டரான முதியவரை அழைத்துக் கேட்கச் செய்தோம். தொடையிலே தாளமிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று விரலை நிறுத்தினார். "சேர், இந்த எடத்தில தப்பு விக்குதே! எங்க பயலுக அப்படி அடிக்கலியே" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. பிழை என்னுடையது.

இலக்கமுறைப் பதிவில் ஒலியானது, பெரும்பாலும், வினாடிக்கு 44,100 மாதிரிகளாக எண்ணி வைக்கப்படுகிறது. எம்பி3 முறையோ அவற்றை 1,152 மாதிரிகள் கொள்ளும் சம அளவான பெட்டிகளில் அடைக்கிறது. தேயிலைப் பெட்டிபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெட்டி நிறையாவிட்டால் மௌனத்தை இட்டு நிரப்பிவிடும். தொடக்கத்திலும் சிறிது மௌனத்தைச் சேர்க்கும். துண்டுகளை அடுத்தடுத்து ஒலிக்கவிடும்போது இவையிரண்டும் கூடி, ஒரு வினாடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடைவெளியாகிவிடலாம். மேடைப் பேச்சாயின் எவரும் உணரார். விரைந்து விழும் தப்படிக்கு அதுவே அதிகம்.

நிற்க. இதற்குப் பரிகாரம் என்ன? மூலப் பதிவை வெட்டாமல், வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக அப்படியே வைத்திருத்தலே முதன்மையானது. இவ்விரு முறைகளிலும் மௌனம் ஒட்டிக்கொள்வதில்லை. எந்தக் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறதென்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் வெட்ட வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. எம்பி3 தான் வேண்டுமெனில், லேம் என்னும் மென்பொருள் தான் சேர்த்த மௌனத்தின் அளவைக் கோப்பினுள்ளேயே எழுதிவைக்கும். அதனைப் படிக்கத் தெரிந்த கருவி அவ்வளவையும் தள்ளிவிட்டு இசைக்கும். ஒரு துண்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தின்மேல் படியவிடும் வசதியும் சில கருவிகளில் உண்டு. மெல்லிசைக்கு அது பொருந்தலாம். தப்புக்கோ ஓரடியின்மேல் மற்றோரடி விழுந்து, விக்கல் போய் இருமல் வந்த கதையாகும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. மௌனங்களைத் தானே தேடி நீக்கும் வசதியை ஒரு மாணவர் ஆர்வத்துடன் பயன்படுத்திவிட்டார். அன்றிரவு மன்மதன் எரிந்ததும் தப்பொலி அடங்கி, ரதி புலம்பத் தொடங்குமுன் எல்லோரும் மூச்சடக்கி நின்ற அந்தச் சில வினாடிகள் அப்பிரதியில் மறைந்தே போயின!

நல்லவேளையாக மூலப் பதிவு அழியாதிருந்தது. அதனை மாஸ்டர் மறுபடி கேட்டார். இம்முறை விரல் நின்றது அந்த மௌனத்திலே மாத்திரந்தான். இப்போது அதன் ஒரு பிரதி கல்லூரியிலும் மற்றொன்று அவருடைய பேரனிடத்தும் இருக்கின்றன.