நேரத்துக்கு என்ன விலை?

மருத்துவம், பொறியியல், கணக்கியல் ஆகிய மூன்றுக்கும் அப்பால் பிள்ளைகளுக்குப் படிப்பே இல்லை என்று எண்ணும் பெற்றோர் நம்மவரிடையே இன்னும் உளர். மகள் போக்குவரத்துத் திட்டமிடலில் முதுமாணிப் பட்டம் படிக்கப் போவதாகச் சொன்னால், "பஸ் ஓட்டவா இவ்வளவு படிப்பு?" என்றுகூடக் கேட்பார்கள். பிரான்சில் இத்துறைக்கு வேர் ஆழமானது. 1747 இல் தோன்றிய 'எகோல் தே போன்' என்னும் பாலங்கள், பெருவீதிகளுக்கான தேசியக் கல்லூரி இன்று பாரிசுக்குக் கிழக்கே ஷாம்-சூர்-மார்னில் இயங்குகிறது. அங்கே இது முதுமாணி நிலையில் கற்பிக்கப்படுகிறது.

மாணவர் முதலில் கற்பது வீதி போடுவதையன்று, விசாரிப்பதை. நோயாளியின் கதையைக் கேளாமல் மருந்தெழுதும் வைத்தியரை யாரும் நம்புவதில்லையே! பாரிஸ் பிராந்தியத்தில் 1976 முதல் ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒரு தடவை குடும்பங்களிடம் ஆய்வு நடந்து வந்திருக்கிறது. நேற்று எங்கே போனீர்கள், எத்தனை மணிக்கு, எதற்காக, எதில் ஏறி? இந்த விடைகளைக் கொண்டு நான்கு கணக்குகள் போடுவார்கள்: எத்தனை பயணங்கள் கிளம்பும், எங்கே போகும், எந்த வாகனத்தில், எந்த வழியாக. 1950களில் அமெரிக்க நகரங்களில் உருவான முறை இது. இரண்டாவது கணக்கு நியூட்டனின் ஈர்ப்பு விதியை ஒத்தது. பெரிய இடம் தூரத்திலிருந்தும் ஆட்களை இழுக்கும். தூரமும் செலவும் கூடக் கூட இழுப்புக் குறையும். சனிக்கிழமை லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வருபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லா கூர்னேவிலிருந்து வரும் பி பாதையும், சார்செல் பக்கமிருந்து வரும் டி பாதையும் லாச்சப்பலுக்கு அருகே கார் து நோர் நிலையத்தில் கூடுகின்றன. அங்கிருந்து ஷாத்லே வரை இரண்டுக்கும் ஒரே சுரங்கம். நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 32 புகையிரதங்கள். ஒன்று தாமதித்தால் மற்றதும் தாமதிக்கும். புறநகரிலிருந்து புறநகருக்குப் போக நகருக்குள் வந்து திரும்ப வேண்டியிருப்பதும் பழைய குறை. அதைத் தீர்க்கவே சுமார் 200 கிலோமீட்டர் நீளத்தில் புதிய மெட்ரோ பாதைகள் அமைகின்றன.

இத்தனை செலவு தகுமா என்பதே படிப்பின் கடினமான பகுதி. ஒரு பாலம் மக்களுக்குத் தரும் பயனை எப்படி அளப்பது என்று 1844 இலேயே எழுதியவர் இதே கல்லூரியில் பயின்ற பொறியியலாளர் ஜூல் துப்புயி. இன்று மிச்சமாகும் நிமிடங்களுக்கு ஈரோவில் விலை வைக்கிறார்கள். இங்கேதான் சிக்கல். பிரெஞ்சுக் கணக்கில், அலுவல் நிமித்தம் பயணம் செய்பவரின் ஒரு மணிக்கு, வேலைக்குப் போய்வருபவரின் ஒரு மணியைவிட விலை அதிகம். பிரித்தானியாவில் வேலைக்குப் போய்வரும் நேரத்துக்கு ஏழை, செல்வர் என்ற பேதமின்றி ஒரே விலை. எது நியாயம் என்று மாணவர் வாதிடத்தான் வேண்டும்.

அதிகாலை நான்கு மணிக்கு இரவு பஸ் பிடித்து அலுவலகம் துப்புரவு செய்யப் போகும் தாயின் பயணம் இந்த ஆய்வுகளில் பதியாமல் போவது எளிது. கேட்க வருபவருக்குக் கதவு திறக்காவிட்டால், அந்தப் பஸ் தேவையென்று கணக்கில் காட்ட யாருமில்லை. அந்தத் தாயின் பிள்ளை கணக்குப் போடும் மேசையில் இருந்தால் கேட்கும் கேள்விகளும் வேறாகும்.

பொறியியல் படித்தவர் மட்டுமன்றி, புவியியல், பொருளியல் படித்தவர்களும் இத்துறைக்குள் வரலாம். புள்ளிவிபரத்தில் பயிற்சியும், அறிக்கை எழுதத் தக்க பிரெஞ்சும் அவசியம். வேலை போக்குவரத்து நிறுவனங்களிலும் நகரசபைகளிலும் இருக்கிறது.