அணைந்த தீயின் சாம்பல்



சேர்வராயன் மலைமீது மாரமங்கலத்தில் வாழும் எனக்குக் காலடிப் பாறையே முதற் பாடநூல். அதற்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். ஆயினும் கோள்கள் பிறந்த வரலாற்றை அதனிடம் கேட்டுப் பயனில்லை. கதிரவ மண்டலத்தின் வயதோ 456 கோடி ஆண்டுகள். பூமி தன் இளமைக்காலப் பாறைகளை உருக்கியும் கரைத்தும் அழித்துவிட்டது. ஆகவே அறிஞர்கள் விண்கற்களை நாடுகின்றனர்.

1996 ஜூன் 20 அன்று இராஜஸ்தானத்தின் பிப்லியா கலான் என்னும் ஊரருகே ஒரு விண்கல் வீழ்ந்தது. அது எரிமலைக் குழம்பு உறைந்தாற்போன்ற கல். ஆகவே அதன் தாயகமான சிறுகோள் ஒருகாலத்தில் உருகியிருத்தல் வேண்டும். சிறிய பொருள் விரைவில் குளிர்வது இயல்பு. அதனை உருக்கிய வெப்பம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்க இரசாயன அறிஞர் ஹெரால்டு யூரே 1955இல் ஒரு விடையைக் குறிப்பிட்டார்: அலுமினியம்-26. எங்கள் மலையின் பாக்சைட்டில் இருப்பது எடை எண் 27 உடைய அலுமினியம், அது நிலையானது. 26 எண்ணுடையதோ கதிரியக்கமுள்ளது. ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளில் அதில் பாதி, வெப்பத்தை வெளியிட்டு மக்னீசியம்-26 ஆக மாறிவிடும். கோள்கள் பிறந்தபோது இருந்த அலுமினியம்-26இல் இன்று ஓர் அணுவும் எஞ்சவில்லை. அவ்வாறாயின் அது இருந்ததை எவ்வாறு மெய்ப்பிப்பது?

அடுப்பு அணைந்த பின்னும் சாம்பல் கிடக்கும் அல்லவா? விக்கிரம் சாராபாய் 1947இல் அகமதாபாத்தில் நிறுவிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தில் சீனிவாசன், கோஸ்வாமி, பண்டாரி ஆகிய மூவரும் அச்சாம்பலைத் தேடினர். கல்லின் நுண்ணிய படிகங்கள்மீது அயனிக் கற்றையைப் பாய்ச்சி, வெளிப்பட்ட அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணினர். மக்னீசியம் 24, 25, 26 என மூவகைப்படும். இவற்றின் விகிதம் பொதுவாக மாறுவதில்லை. ஆனால் மக்னீசியம் குறைந்து அலுமினியம் மிகுந்த படிகங்களில் 26 மட்டும் அளவுக்கு மேல் இருந்தது. அலுமினியத்தின் பங்கு ஏற ஏற அம்மிகுதியும் ஏறியது. வெளியிலிருந்து கலந்த மக்னீசியமாயின் இவ்வொழுங்கு தோன்றாது. எனவே படிகம் உறைந்தபோது அலுமினியம்-26 அதனுள் உயிர்ப்புடன் இருந்தது. கதிரவ மண்டலம் தோன்றிய சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் அச்சிறுகோள் உருகி உறைந்துவிட்டது. 1999இல் இம்முடிவு வெளியாயிற்று.

இளைஞர்களே, இத்தகைய சான்று அடுத்து உங்கள் ஊர் வயலிலேயே வீழலாம். மழையிலும் மண்ணிலும் கிடந்தால் அது சிதையும். அதை உடைத்துப் பங்கிடாதீர்கள், கழுவாதீர்கள், வீழ்ந்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் சேர்ப்பியுங்கள். அக்கல்லை வினவும் ஆராய்ச்சியாளர் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம்.