எலுமிச்சை இருந்த இடம்

எங்கள் வீட்டு வாசற்படியில் ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. வெள்ளை மார்பிள் அந்த இரண்டு இடத்தில் மட்டும் மினுமினுப்புச் செத்து, சொரசொரப்பாக வெளிறிக் கிடக்கிறது. ஓர் ஆயுத பூஜையன்று எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, படியின் இரண்டு பக்கமும் கவிழ்த்து வைத்தோம். மூன்று நாள் எடுக்கவில்லை. எடுத்தபோது கல்லில் சிவப்பு ஊறியிருந்தது. பதறிப்போய், பாத்ரூம் கழுவ வைத்திருந்த ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றினேன். நுரை பொங்கியது. அழுக்கு கிளம்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பொங்கியது அழுக்கு அல்ல, கல்தான்.

மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் முட்டை ஓடும் அதே பொருள்தான். புளிப்பு எதுவாக இருந்தாலும், எலுமிச்சையோ வினிகரோ ஆசிட்டோ, பட்ட இடத்தில் கல் கரைந்து கரியமில வாயுவாக நுரைத்துப் போகும். எலுமிச்சை மூன்று நாளில் மெதுவாகச் செய்ததை நான் மூன்று நிமிடத்தில் முடித்துவைத்தேன். இதைக் கறை என்று சொல்வதே தப்பு. கறை என்றால் மேலே ஒட்டியிருக்கும், அல்லது உள்ளே ஊறியிருக்கும், இழுத்தால் வரும். இது புண். இழைத்துப் பாலிஷ் போட்டால்தான் ஆறும்.

அப்பத்தாவுக்கு இந்தத் தவறு நேர்ந்திருக்காது. அவர் அதிகம் படித்தவர் என்பதால் அல்ல, தரையை அவரே போட்டவர் என்பதால். சிவகங்கைப் பக்கத்து ஓட்டு வீடு. மண்ணைக் கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய தரை. வெள்ளிக்கிழமைதோறும் சாணியைக் கரைத்து, சில நாள் கரித்தூளும் சேர்த்து, கையாலேயே மெழுகுவார். காய்ந்தபின் அவர் கை வீசிய வளைவுகள் விசிறி விசிறியாகத் தரையில் நிற்கும்.

அந்தத் தரையில் குழம்பு கொட்டினால் யாரும் துடைக்க ஓட மாட்டார்கள். "மண்ணு குடிச்சதை மண்ணோட எடுத்துப் போடுத்தா" என்பார் அம்மாவிடம். கொட்டிய இடத்தை அரிவாள்மனை நுனியால் சுரண்டி, குப்பைக்குழியில் போட்டு, ஒரு பிடி ஈரமண்ணை அப்பி, மேலே சாணிப்பால் தடவினால் தீர்ந்தது. பிள்ளை ஒன்றுக்கு இருந்தாலும் வாந்தி எடுத்தாலும் இதே வைத்தியம், அதற்கு முன் ஒரு கை அடுப்புச் சாம்பல் மட்டும் கூட. சாம்பல் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், அள்ளவும் வசதி. கறை நீங்க வேண்டிய தேவையே இல்லாத தரை அது. கறை பட்ட தரையே போய்விடும், புதுத் தரை வந்துவிடும்.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் ஓதம் ஏறும், கரையான் வரும், ஓரங்களில் வெடிப்பு விடும். வாரம் தவறாமல் குத்துக்காலிட்டுக் குனிந்து மெழுகியதில் அப்பத்தாவின் முதுகு ஐம்பது வயதில் வளைந்துவிட்டது. நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

1976ல் அப்பா கட்டிய வீட்டில் சிவப்புத் தரை. சிமெண்டோடு ரெட் ஆக்சைடு கலந்து, கொத்தனார் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மழமழவென்று கொண்டுவந்து, பல நாள் தண்ணீர் கட்டி வைத்தது. ரெட் ஆக்சைடு என்பது இரும்பின் ஆக்சைடுதான், துருவின் உறவு. வெயில் பட்டு வெளுக்காது. அம்மாவுக்கு அந்தத் தரையோடு ஒரு பேச்சுவார்த்தையே இருந்தது. விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ சிந்தினால் கவலைப்பட மாட்டார், சிந்தியதையே பழந்துணியால் நாலடி தூரத்துக்குத் தேய்த்து மெருகேற்றிவிடுவார். மோர் கொட்டினால் மட்டும் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடிவருவார். புளித்தண்ணீருக்கும் அப்படித்தான். புளிப்பு சிமெண்டைத் தின்னும், அங்கே வெளுத்த திட்டு விழும். காரணத்தை அவர் விளக்கியதில்லை. "அது தரைக்கு ஆகாது" என்பார், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லுக்கும் அதே குணம். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது அது. கால்பட்டுக் கால்பட்டுத்தான் பளபளக்கும். ஆசிட் ஒருமுறை பட்டால் போச்சு.

இப்போது மதுரையில் என் வீட்டுக்குள் நாலு விதமான தரை இருக்கிறது. வாசலில் மார்பிள், கூடத்தில் விட்ரிஃபைட் டைல்ஸ், சமையலறையில் கிரானைட், மாடி அறையில் பழைய மொசைக். நாலுக்கும் ஒரே பாட்டில், ஒரே மாப்பு. பாட்டிலின் மேல் எலுமிச்சம்பழப் படம் போட்டிருக்கிறது. தரை எதனால் ஆனது என்று யாரும் யோசிப்பதில்லை. எந்த வாசனை என்றுதான் பார்க்கிறோம். பினாயில் வாடை வந்தால் வீடு சுத்தம் என்று ஆகிவிட்டது. பினாயில் கிருமிக்கும் நாற்றத்துக்கும் ஆனது. எண்ணெய்க் கறையையோ மஞ்சள் கறையையோ அது ஒன்றும் செய்யாது. எந்தத் திரவத்தையும் அளவுக்கு மேல் ஊற்றினால், காய்ந்தபின் பிசுபிசுப்பாகப் படலம் நிற்கும். அதில்தான் மறுநாள் தூசி வந்து ஒட்டுகிறது.

சிலிண்டரைத் தூக்கினால் அடியில் இருக்கும் துரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விட்ரிஃபைட் டைல்ஸில் அது விழுந்திருந்தால் எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஏறக்குறைய 1200 டிகிரி வெப்பத்தில் சுட்ட கல் அது. புளிப்புக்கு அசையாது, தண்ணீரைக்கூட அநேகமாகக் குடிக்காது. இடுக்கில் பூசிய சிமெண்டு மட்டும் குடிக்கும். டைல்ஸ் வீடுகளில் கறை கோடு கோடாகத் தெரிவது அதனால்தான். அதே வட்டம் மொசைக்கில் விழுந்திருந்தால் எலுமிச்சை மருந்தல்ல, விஷம். மொசைக்கில் பதித்திருப்பது பெரும்பாலும் மார்பிள் சில்லு, பிடித்திருப்பது சிமெண்டு. போர்த் தண்ணீர் விடும் வெள்ளை உப்புத் திட்டுக்கும் இதே கணக்கு.

மஞ்சள் இன்னொரு மாதிரி. சாம்பார் சிந்திய இடத்தில் சலவை சோடாவைப் போட்டால் திடீரென்று ரத்தச் சிவப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதேதான். பயப்பட வேண்டாம், அலசினால் மஞ்சளுக்குத் திரும்பிவிடும். மஞ்சளுக்கு உண்மையான எதிரி வெயில். வெளிச்சம் படும் இடத்தில் சில நாளில் தானாக வெளுக்கும். எண்ணெயைக் குடித்த கிரானைட்டுக்கு அரிசிமாவையோ சாக்பீஸ் தூளையோ குவித்து ஓர் இரவு விட்டால், நேற்றுக் குடித்ததைக் கொஞ்சம் கக்கும்.

விரிப்பின் கதையும் இதுவே. பவானி ஜமக்காளத்தில் பிள்ளை ஈரம் பண்ணினால் உதறி, ஆற்றிலோ கிணற்றடியிலோ அடித்துத் துவைத்து, மதிலில் போட்டால் மாலையில் மடித்து வைத்துவிடலாம். இன்றைய கம்பளம் அப்படி எழுந்து வராது. அடியில் ரப்பரோ பஞ்சோ ஒட்டியிருக்கும். தேய்த்தால் கறை விரியும், இழையும் பிய்ந்துபோகும். வெள்ளைத் துணியை வைத்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ரத்தம், பால், முட்டை என்றால் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் அதைச் சமைத்து இழையோடு ஒட்டவைத்துவிடும். நாய் பூனை வளர்க்கும் வீடுகளில் மூத்திர வாடைக்கு என்சைம் கலந்த திரவம் வேலை செய்கிறது. அம்மோனியா கலந்ததை வாங்கினால் அந்த வாடையே அவற்றைத் திரும்ப அதே இடத்துக்குக் கூப்பிடும்.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது வேறு. அன்று தரையைத் துடைத்த கையில் இருந்தது சாணியும் சாம்பலும். இன்று எங்கள் வீட்டில் துடைக்க வரும் அக்காவின் விரல் இடுக்குகள் வெந்து தோல் உரிந்திருக்கின்றன. ஐந்து வீட்டு பாத்ரூமுக்கு ஆசிட் போடுகிறார். ஒரு வீட்டில் சீக்கிரம் வெளுக்கட்டும் என்று ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடச் சொன்னார்களாம். மூச்சு அடைத்து வெளியே ஓடிவந்ததாகச் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, நுரையீரலையே பொசுக்கக்கூடியது. யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நானும் இத்தனை வருடம் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. அன்றே ஆசிட் பாட்டிலை எடுத்துவிட்டு, ஒரு ஜோடி ரப்பர் கையுறையும், மணக்காத சாதாரண சோப்புத் திரவமும் வாங்கி வைத்தேன்.

வாசற்படிக்குப் பாலிஷ்காரர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார். "இந்த ரெண்டு எடத்த மட்டும் இழைச்சா குழி தெரியும் சார். படி முழுக்க ஒரு சுத்து எறக்கணும்" என்றார். இன்னும் செய்யவில்லை. தினமும் காலையில் அக்கா அந்தப் படியை வெறும் தண்ணீரில் நனைத்த துணியால்தான் துடைக்கிறார். அந்த இரண்டு வட்டத்தின் மேல் வரும்போது மட்டும் அவர் கை மெதுவாகிறது.