மூன்றாம் தலைமுறை அலைத்தொடர்பின் நிறுத்தமும் நம் கருவிகளும்

2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31ஆம் நாளோடு மலேசிய நாட்டில் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை முடிவுற்றது. 3ஜி என்று நாம் சுருங்கச் சொல்வது அதனையே. அவ்வாண்டு முழுவதும் படிப்படியாக நடந்த பணியின் இறுதி நாள் அது. கோபுரம் எதுவும் சாய்க்கப்படவில்லை. கொம்தார் மாடங்களின் மீதும் பாயான் லெப்பாஸ் தொழிற்கூடங்களின் ஓரத்திலும் நின்ற அலைவாங்கிகள் மறுநாளும் அங்கேயே நின்றன. அவை பேசிவந்த மொழிகளுள் ஒன்று மட்டும் அடங்கிற்று. அந்த மொழியை நம்பியிருந்த கருவிகள் யாவை, அவற்றுக்கு என்ன நேர்ந்தது, இனி வரவிருக்கும் இத்தகைய நிறுத்தங்களுக்கு நாம் எவ்வாறு ஆயத்தமாவது என்பனவே இவ்வுரையின் பொருள்.

பினாங்கு மக்களுக்கு இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டு அருகிலேயே உண்டு. இந்நிகழ்வுக்குச் சரியாக ஓராண்டு முன்னர், 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு, ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே கார்களை ஏற்றிச் சென்ற பழைய ஃபெரி படகுகளின் சேவை நின்றது. 2023இல் புதிய படகுகள் வந்தன. அவற்றில் நடந்து செல்வோரும் மிதிவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம்; கார் ஏற முடியாது. கடல் அதே கடல். துறையும் அதே துறை. காரில் ஒரு பழுதும் இல்லை. ஆயினும் அதனை ஏற்றிச் செல்லும் கலம் இல்லாமையால் அது பாலத்தைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. 3ஜி கருவிகளின் நிலையும் இதுவே. கருவி பழுதுபடவில்லை, அது ஏறிச் சென்ற கலம் நிறுத்தப்பட்டது.

ஆங்கிலத்தில் இத்தகைய நிறுத்தத்தைக் கதிரவன் மறைவோடு ஒப்பிட்டுப் பெயரிடும் வழக்கம் உள்ளது. அதனை அப்படியே ‘அலைவரிசை அந்தி’ என்று தமிழாக்க எமக்கு விருப்பமில்லை. மறைந்த கதிரவன் மறுநாள் எழுவான், இது எழாது. ‘நிறுத்தம்’ என்ற எளிய சொல்லே போதுமானது.

மலேசியாவில் கைப்பேசித் தொடர்பு 1985இல் ஆத்தூர் 450 என்னும் ஒப்புமைமுறைச் சேவையோடு தொடங்கிற்று. அது முதல் தலைமுறை. குரலை எண்களாக மாற்றி அனுப்பும் ஜிஎஸ்எம் என்னும் இரண்டாம் தலைமுறை 1990களில் வந்தது. 3ஜி 2005இலும், 4ஜி 2013இலும் வணிகச் சேவையாயின. ஆக, 3ஜி இந்நாட்டில் வாழ்ந்த காலம் ஏறத்தாழ 16 ஆண்டுகள். ஒரு மின்தூக்கியோ கட்டடத்தின் அபாயமணி அமைப்போ அதனினும் நெடுங்காலம் உழைக்கும் என்று எண்ணியே பொருத்தப்படுகிறது. இடர்ப்பாட்டின் வேர் இந்தக் கால வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இந்நிறுத்தம் 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ‘ஜெண்டெலா’ என்னும் தேசியத் திட்டத்தின் ஒரு பகுதி. ‘ஜாலினான் டிஜித்தால் நெகாரா’ என்ற மலாய்த் தொடரின் சுருக்கம் அது. மலாய் மொழியில் ‘ஜெண்டெலா’ என்றால் சன்னல். போர்த்துக்கீசியச் சொல்லான ‘ஜனேலா’ மலாக்கா வழியே மலாயில் ‘ஜெண்டெலா’ ஆயிற்று. இந்தியக் கடற்கரை வழியே தமிழில் ‘ஜன்னல்’ ஆயிற்று. நம் மாணவர்கள் பள்ளியில் அன்றாடம் வழங்கும் இரு மொழிச் சொற்களும் உடன்பிறந்தவை என்பது அவர்களுக்கு மகிழ்ச்சி தரும். திட்டத்தின் முதற்கட்டம் 2022 இறுதிக்குள், மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி பரப்பை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காடாக உயர்த்தவும், கைப்பேசி இணையத்தின் சராசரி வேகத்தை நொடிக்கு 25 மெகாபிட்டிலிருந்து 35 மெகாபிட்டாக்கவும் இலக்கு வகுத்தது. பெருந்தொற்றுக் காலம் அது. பாடங்கள் வீட்டுக்கு வந்த நாளில் இணையம் எட்டாத பிள்ளைகள் எவ்வாறு தவித்தனர் என்பதை ஆசிரியர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயின் 4ஜியை விரிவாக்க 3ஜியை ஏன் நிறுத்த வேண்டும்? வானலை நிலத்தைப் போன்றது. புதிதாக உண்டாக்க இயலாது. ஒரு 3ஜி அலைவழிக்கு 5 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதே அகலத்தில் 4ஜி பன்மடங்கு செய்தியைச் சுமக்கும். எனவே ஒரு வயலில் பழைய பயிரை அகற்றிப் புதியதை நடுவதுபோல், 900, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 3ஜிக்கு ஒதுக்கிய இடத்தை 4ஜிக்கு மாற்றுகின்றனர். அவற்றுள் தாழ்ந்த அலைவரிசை தொலைவாகச் செல்லும். சுவர்களையும் எளிதில் கடக்கும். நடுவே மலைத்தொடர் மறிக்கும் பாலிக் புலாவ் போன்ற இடங்களில் இவ்வேறுபாடு வெளிப்படையாகப் புலப்படும்.

இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. மூத்தது 2ஜி அன்றோ? மூத்ததை வைத்துக்கொண்டு இளையதை நீக்கியது ஏன்? விடை அகலத்தில் இருக்கிறது. 2ஜி அலைவழி ஒன்றுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும். ஓரமாக ஒரு மெல்லிய கீற்றை ஒதுக்கினால் அது வாழ்ந்துவிடும். மேலும், விசைப்பலகை உள்ள எளிய கைப்பேசிகளும் எண்ணற்ற சிறு பொறிகளும் 2ஜியையே நம்பியிருந்தன. இணையத்துக்காகப் பிறந்த 3ஜியின் வேலையையோ 4ஜி முழுமையாக ஏற்றுக்கொண்டது. ஆகவே மலேசியா நடுப்பிள்ளையை நீக்கிற்று.

அண்டை நாடான சிங்கப்பூர் இதற்கு எதிர்வழியில் சென்றது. அங்கே 2017 ஏப்ரலிலேயே 2ஜி நிறுத்தப்பட்டது. 3ஜி நிறுத்தம் 2024இல் தொடர்ந்தது. இங்கே நன்றாக வேலை செய்யும் 2ஜி கைப்பேசி ஜொகூர் பாலத்தைக் கடந்ததும் ஊமையாவது இதனாலேயே. 2017இல் 2ஜி கருவியை மாற்றி 3ஜி கருவி வாங்கியோர் ஏழாண்டுகளில் மறுபடியும் மாற்ற நேர்ந்தது. மலிவு கருதி ஒரு படி மட்டும் மேலேறுவதன் விலை அது.

மலேசியாவில் 3ஜி நின்றபோது பழைய கைப்பேசிகள் முற்றாக மடிந்துவிடவில்லை. பெரும்பாலானவை 2ஜிக்கு இறங்கின. அழைப்பும் குறுஞ்செய்தியும் தொடர்ந்தன. இணையம் மட்டும் ஆமை நடையாயிற்று. எம் உறவினர் வீட்டு மூதாட்டி ஒருவர், பேரன் அனுப்பும் படங்கள் வருவதில்லை என்று பல நாள் அவனையே நொந்துகொண்டிருந்தார். கருவி ‘வேலை செய்தது’. ஆகவே கருவியை யாரும் ஐயுறவில்லை.

4ஜி கைப்பேசி வைத்திருப்போருக்கும் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. 4ஜி அடிப்படையில் செய்திப் பொட்டலங்களுக்காக அமைந்தது. அதன்வழி குரலை அனுப்ப வோல்ட்டி என்னும் தனி ஏற்பாடு வேண்டும். அது இல்லாத கைப்பேசி, அழைப்பு வந்தவுடன் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டு மீண்டும் ஏறும். 3ஜி இல்லையேல் 2ஜிக்குத்தான் இறங்க வேண்டும். பேசும் நேரமெல்லாம் இணையம் நின்றிருக்கும். கைப்பேசியில் வோல்ட்டி வசதி இருந்தாலும், அந்த மாதிரியைச் சேவை நிறுவனம் ஏற்றிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கைப்பேசிகள் பல இங்கேதான் தடுக்கி விழுகின்றன. இதனை வகுப்பறையிலேயே சோதிக்கலாம். வைஃபையை அணைத்துவிட்டு நண்பர் ஒருவரை அழைத்து, பேசும்போதே திரையின் மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும். 4ஜி என்ற குறி மாறாது நின்றால் வோல்ட்டி இயங்குகிறது. ‘இ’ அல்லது 2ஜி என்பதற்குரிய ஆங்கிலக் குறி தோன்றினால் இயங்கவில்லை. பல நேரங்களில் அமைப்புப் பகுதியில் ஒரு பொத்தானைத் திறந்தாலே போதும். மிகப் பழைய சிம் அட்டையும் காரணமாகலாம். 2ஜி காலத்து அட்டைகளை 3ஜி ஏற்றுக்கொண்டது; 4ஜி ஏற்பதில்லை. எண்ணை மாற்றாமலே புதிய அட்டை பெறலாம்.

கைப்பேசி பழுதானால் அதன் உரிமையாளர் அறிவார். யாரும் பார்க்காத இடத்தில் இருந்து பேசும் பொறிகளின் கதை வேறு. மின்தூக்கியின் உள்ளே இருக்கும் அவசர அழைப்புப் பொத்தான், கடையின் திருட்டு அபாயமணி, வங்கி அட்டையைத் தேய்க்கும் சிறு கருவி, பள்ளிப் பேருந்தின் இருப்பிடங்காட்டி, நீர்த்தொட்டியின் அளவைத் தெரிவிக்கும் உணரி, தனித்து வாழும் முதியோர் கழுத்தில் அணியும் உதவிப் பொத்தான் ஆகியவற்றுள் பலவற்றின் உள்ளே ஒரு சிம் அட்டையும் சிறு மோடமும் உண்டு. அவை தொடர்பு இழந்தால் கூச்சலிடுவதில்லை. அபாயமணியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கதவை உடைத்தால் மணி அடிக்கவும் செய்யும். உரிமையாளருக்குச் செய்தி மட்டும் போகாது. தேவைப்படும் நாளில்தான் அது ஊமை என்று தெரியவரும். மின்கலத்தில் இயங்கும் கருவியாயின் இன்னொரு தொல்லை: இல்லாத அலையை இடைவிடாது தேடித் தேடி, பல திங்கள் உழைக்க வேண்டிய மின்கலத்தைச் சில நாள்களிலேயே அது தீர்த்துவிடக்கூடும்.

இவ்வகையில் ஆஸ்திரேலியாவின் பட்டறிவு கருதத்தக்கது. அங்கே இரு பெரும் நிறுவனங்கள் 3ஜியை 2024 அக்டோபர் 28ஆம் நாள் நிறுத்தத் தொடங்கின. அதற்கு முன்னரே நாளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. காரணம் விந்தையானது. சில கைப்பேசிகள் அன்றாட அழைப்புகளை 4ஜி வழியே செவ்வனே விடுத்தன. 000 என்னும் அவசர எண்ணை அழுத்தினால் மட்டும் 3ஜியைத் தேடுமாறு அமைக்கப்பட்டிருந்தன. நாள்தோறும் பயன்படுத்துவோர்க்கு இக்குறை ஒருபோதும் தெரியாது. அத்தகைய கைப்பேசிகளைத் தம் அலைத்தொடர்பில் சேர்க்கலாகாது என்று அரசு நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. நம் நாட்டின் 999 எண்ணை இதற்காக அழைத்துச் சோதிப்பது தவறு. கைப்பேசி மாதிரியைச் சொல்லிச் சேவை நிறுவனத்திடம் கேட்பதே முறை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே முள் தைத்தது. 2018 மார்ச் 31 முதல் புதிய கார் மாதிரிகளில் விபத்து நேர்ந்தவுடன் தானே உதவி கோரும் அமைப்பைக் கட்டாயமாக்கினர். அந்த அமைப்பு 2ஜி, 3ஜி தொடர்புகளின் மேல் கட்டப்பட்டது. கார் ஓடும், அதன் உதவிக்குரல் ஒருநாள் எட்டாமற்போகும்.

ஆயத்தம் என்பது பெரும்பாலும் கணக்கெடுப்பே. ஒரு பள்ளியில் சிம் அட்டை உள்ள கருவிகள் எத்தனை என்று கேட்டால் எவருக்கும் உடனே விடை தெரியாது. அபாயமணியைப் பொருத்தியவர் ஒருவர். கட்டணம் செலுத்துபவர் வேறொருவர். அதனை வாங்க ஒப்பம் இட்ட தலைமையாசிரியர் மாறிச் சென்றிருப்பார். ஆகவே தொலைபேசிக் கட்டணச் சீட்டுகளிலிருந்து தொடங்குவது நன்று. ஒவ்வோர் எண்ணும் எந்தக் கருவியில் இருக்கிறது என்று தேடிச் செல்ல வேண்டும். கருவியின் பின்புறத் தகட்டிலோ கையேட்டிலோ ஜிஎஸ்எம், ஜிபிஆர்எஸ் என்று மட்டும் இருந்தால் அது 2ஜி. யுஎம்டிஎஸ், டபிள்யூசிடிஎம்ஏ, எச்எஸ்பிஏ என்றால் 3ஜி. எல்டிஇ என்றால் 4ஜி. எல்டிஇ என்று இருந்தும் அலைவரிசை பொருந்தாமற்போகலாம். மலேசிய 4ஜி 900, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸ்களில் இயங்குகிறது. அறிவியல் கழக மாணவர்கள் ஒரு வாரத்தில் இப்பட்டியலை ஆக்கிவிடுவர். அவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செயல்திட்டம் ஒன்றை எம்மால் எண்ணிப்பார்க்க இயலவில்லை.

பட்டியல் கிடைத்தபின் எதை முதலில் மாற்றுவது? உயிரைக் காப்பதை முதலில், பொருளைக் காப்பதை அடுத்து, வசதிக்கானதைக் கடைசியில். மாற்றியபின் சோதித்துப் பார்க்காமல் விடலாகாது. பொத்தானை அழுத்தி, மறுமுனையில் மனிதர் ஒருவர் மறுமொழி சொல்லும்வரை நிற்க வேண்டும். பழைய அபாயமணிப் பெட்டிகள் தொலைபேசி எண் ஒலிகளால் செய்தி அனுப்புவன. 4ஜி வழியே அவ்வொலிகள் சிதைவதுண்டு.

புதிதாக வாங்குவோர்க்கு ஒரு சொல். சிறு பொறிகளுக்கு 4ஜியின் உச்ச வேகம் வேண்டியதில்லை. அவற்றுக்கென்றே எளிய எல்டிஇ வகைகளும், மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் குறுகலைத் தொடர்பும் உள்ளன. கடைகளில் இன்றும் 2ஜி மட்டும் உள்ள மலிவான இருப்பிடங்காட்டிகள் கிடைக்கின்றன. 3ஜி நின்றபோது 2ஜி அடைக்கலம் தந்தது உண்மை. ஆனால் அதற்குக் கீழே இறங்க இனிப் படி இல்லை. வாங்குமுன், மோடத்தை மட்டும் கழற்றி மாற்ற இயலுமா என்று விற்பவரைக் கேட்பது பிற்காலச் செலவைக் குறைக்கும். 1972 முதல் மின்னணுத் தொழில் வளர்ந்துள்ள பாயான் லெப்பாஸில் பணிபுரியும் பெற்றோர் பலருக்கு இவ்வினாவின் பொருள் நம்மைவிட நன்றாகத் தெரியும். பள்ளிகள் அவர்களை அழைத்துக் கேட்கலாம்.

கழற்றிய பழைய கருவியைக் குப்பையில் இடக்கூடாது. மின்னணுக் கழிவு மலேசியச் சட்டப்படி 2005ஆம் ஆண்டு விதிகளின்கீழ் எஸ்டபிள்யூ 110 என்னும் எண்ணிட்ட கட்டுப்பாட்டுக் கழிவு. உரிய சேகரிப்பு மையத்திலேயே அதனைச் சேர்க்க வேண்டும். அதற்கு முன் உள்ளே இருக்கும் சிம் அட்டையை எடுத்துவிட்டு, அவ்வெண்ணின் சந்தாவையும் எழுத்து வழியே நிறுத்த வேண்டும். இல்லையேல் சுவரில் இல்லாத கருவிக்கும் திங்கள்தோறும் கட்டணச் சீட்டு வந்துகொண்டிருக்கும்.